எண்ணெய் முழுக்கும் இரண்டு ரப்பர் மூடிகளும்

போன மாதம் புத்தளத்தில் நடந்த நமது கராஜ்காரர் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, "முப்பத்தைந்து வருடத்தில் ஒரு வாகனத்தைக்கூடக் குறையோடு அனுப்பாத பாஸ்" என்று அறிமுகம் செய்தீர்கள். நான் எழுந்து கும்பிட்டேன். மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. பொன்னாடை நல்ல தடிப்பம். படம் எடுக்கிறவர் வேறு எனக்கு நேரே நின்றார். அந்த நேரத்தில் உண்மை பேசினால் படம் கெட்டுப்போகும் என்று பட்டது.

வீட்டுக்கு வந்து பொன்னாடையை மனைவியிடம் கொடுத்து, என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பதினொரு தாய்மாரில ஒராளும் கூட்டத்துக்கு வரேல்லையோ?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். எஞ்சினைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் ஸ்கேனரைச் செருகினால் வாகனமே தன் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறது. எங்கள் காலத்தில் நாங்கள்தான் அதன் வயிற்றில் காதை வைத்துப் பார்த்தோம், பாதி நேரம் பிழையாகவும் கேட்டோம். என்னிடம் நிறைய இருப்பது நான் விட்ட பிழைகள்தான்.

சின்னப் பிழையிலிருந்து தொடங்குகிறேன். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எத்தாளைக்குக் கிட்ட றோட்டோரமாக ஓலைக் கொட்டில் போட்டு கராஜ் திறந்த காலம். கொட்டிலுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கும். மனிதர் குடிக்கக் கூடாது என்பது எனக்கு முதல் நாளே தெரிந்தது. ரேடியேற்றரும் குடிக்கக் கூடாது என்பது தெரிய நாலு வருடம் பிடித்தது. அதற்குள் இந்தப் பக்கத்துக் கார்களில் பாதிக்கு நான் அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தேன். ரேடியேற்றர் அடைபட்டு அவர்கள் திரும்பத் திரும்ப வந்தபோது, என் கைராசியால்தான் வாடிக்கையாளர் பெருகுகிறார்கள் என்று சந்தோசப்பட்டேன். இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் நீங்கள் பொன்னாடை போர்த்தினீர்கள்.

இனிப் பெரியதைச் சொல்கிறேன்.

நம்முடைய கரையில் வாகனத்தைத் தின்பது ஓட்டமல்ல, உப்புக்காற்று என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புத் தண்ணீர் நிற்கும் களப்பு. போதாததற்கு முன்னால் போகும் மீன் லொறி ஐஸ் தண்ணீரை வழியெல்லாம் சிந்திக்கொண்டு போகும், பின்னால் வருகிற வாகனத்தின் அடிவயிறு அதை ஏந்திக்கொள்ளும். கொழும்பில் இருபது வருடம் ஓடுகிற கதவு இங்கே ஆறு வருடத்தில் கையோடு வரும். அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய காலத்தில் பழைய வாகனங்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது. அதுவரை கோழி அடைகாத்த கார்களையெல்லாம் சனம் கழுவித் துடைத்து வெளியே எடுத்தது. புதுசு வாங்க வழியில்லை, இருக்கிறதை உக்க விடவும் மனமில்லை. அந்த நேரத்தில்தான் என் எண்ணெய் முழுக்கு பேர் எடுத்தது.

பழைய எஞ்சின் ஒயில், கொஞ்சம் டீசல், முன்பு மரத் தோணிகளுக்குப் பூசிய மீன் எண்ணெய். மூன்றையும் கலந்து, கொம்பிரசரில் பூட்டிய துப்பாக்கியால் வாகனத்தின் அடியில் அடிப்பேன். துரு அண்டாது. ஆனால் நாற்றம் ஒரு கிழமைக்குப் போகாது. ஒருவர் என்னிடம் முழுக்கு வாங்கிக்கொண்டு கொழும்பு திரும்பி, மாடிக்குடியிருப்பின் கீழே காரை நிறுத்தியிருக்கிறார். காலையில் அடியில் ஒன்பது பூனைகள் இருந்தனவாம். அவர் அதைப் படம் பிடித்துப் பழைய கார்ப் பிரியர்களின் முகநூல் பக்கத்தில் போட்டார். எனக்கு விளம்பரம் அந்தப் பூனைகளால் வந்தது. நான் அதை என் திறமையால் வந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் றீற்றாவைச் சொல்ல வேண்டும். கடலோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கணவர் கடலுக்குப் போகிறவர். அவள் ஒரு பழைய டொல்பின் வான் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். பதினாறு பிள்ளைகள், பதினொரு வீடு. ஒரு பொம்பிளை வான் ஓட்டுகிறாள் என்பதற்காகவே ஆரம்பத்தில் பிள்ளைகளைத் தர யோசித்த வீடுகள் அவை. ஒரு வருடம் ஓட்டிக் காட்டித்தான் ஒவ்வொரு வீடாகப் பிடித்தாள். அந்த வானை யாராவது ஒரு தாய் நம்பாமல் விட்டால் மற்றவர்களும் விடுவார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சின்னச் சத்தம் கேட்டாலும் என்னிடம் கொண்டுவருவாள்.

அன்று காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே கராஜுக்கு வந்தாள்.

"பாஸ் அண்ணே, ஹேண்ட் பிரேக் இழுத்தா மேல வரைக்கும் வருது. பின் பிரேக்கும் கொஞ்சம் தளர்வு போல இருக்கு. பன்னெண்டு மணிக்கு வந்து எடுக்கிறேன். ஒண்டரைக்குப் பிள்ளைகள் விடுவாங்க."

"அது ஒரு மணித்தியால வேலை. நீ போட்டு வா பிள்ளை" என்றேன்.

உண்மையிலேயே அது ஒரு மணித்தியால வேலைதான். பின் சில்லுகளின் உட்பக்கத் தகட்டில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும், அதை ஒரு ரப்பர் மூடி அடைத்திருக்கும். மூடியைக் கழற்றி, உள்ளே திருகாணிச்சாவியை விட்டு பிரேக்கை இறுக்கி, மூடியைத் திரும்பப் போட வேண்டும். இரண்டு சில்லிலும் மூடியைக் கழற்றினேன். எண்ணெய்க் கையோடு அவற்றைச் சட்டைப் பையில் போட்டேன். பிரேக்கை இறுக்கினேன். அந்த நேரத்தில் இரண்டு கார்கள் வந்து நின்றன.

நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து நாலு பொடியன்கள். பழைய கார் என்றால் உயிரை விடுகிறவர்கள். ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி, கையில் போன். எண்ணெய் முழுக்கைப் படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "நீங்கதானா அந்த பாஸ்? படத்தில வயசானவர் மாதிரி இருந்தீங்க, நேர்ல அப்பிடி இல்ல" என்றான். அதோடு நான் முடிந்தேன்.

தங்கள் கார்களுக்கு அடிக்க முன்னம் வேறொரு வாகனத்தில் அடித்துக் காட்டச் சொன்னார்கள். அடிப்பக்க வேலைக்கு வெட்டிய குழிக்கு மேலே றீற்றாவின் வான் நின்றது. அவள் எண்ணெய் முழுக்குக் கேட்கவில்லை. நானே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன். குழிக்குள் இறங்கி, துப்பாக்கியைப் பிடித்து, போனைப் பார்த்துச் சிரித்து, உப்புக்காற்றைப் பற்றி ஒரு சொற்பொழிவு வேறு ஆற்றினேன். "மூலை முடுக்கு எல்லாம் போக வேணும்" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். மூலை முடுக்கு எல்லாம் போனது. திறந்து கிடந்த இரண்டு துவாரங்களுக்குள்ளும் போனது.

எங்கள் தொழிலில் பிரேக்கைத் தொட்டால், வளைவு வரை ஒருமுறை நாமே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்போம். அந்தப் பழக்கத்தை முப்பது வருடமாக நான் விட்டதில்லை. அன்று விட்டேன். றீற்றா வந்த நேரம் நான் இரண்டாவது காரின் அடியில், மூன்றாவது முறையாக அதே சொற்பொழிவை நிகழ்த்திக்கொண்டிருந்தேன். குழிக்குள்ளிருந்தே "சாவி உள்ளேதான் இருக்கு, எடுத்துக்கொண்டு போ பிள்ளை" என்று கையைக் காட்டினேன்.

பொடியன்கள் போன பிறகு சாப்பிடக் கை கழுவப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் குனிந்ததும் சட்டைப் பையிலிருந்து இரண்டு கறுப்பு மூடிகளும் தொட்டிக்குள் விழுந்தன.

கொஞ்ச நேரம் அவை மிதப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சில்லை உரசிப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனரில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின் பிரேக் வழுக்கும். முன் பிரேக் பிடிக்கும், அதனால் வெறும் வான் நிற்கும். பதினாறு பிள்ளைகளோடும் புத்தகப் பைகளோடும் போகிற வானுக்கு முன்னால் கழுதை ஒன்று குறுக்கே வந்தால், நிற்குமா, இழுத்துக்கொண்டு களப்புப் பக்கம் போகுமா என்பது யாருக்கும் தெரியாது. நம்முடைய றோட்டில் கழுதை வராத நாள் இல்லை.

பக்கத்தில் டயர்க் கடை வைத்திருக்கும் ஜவாத் நாநா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்ன பாஸ், மொகமெல்லாம் வெளுத்துப் போய்க் கெடக்கு?"

சொன்னேன். அவர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"அல்லாவே! அப்ப ஒடனே போனப் போடுங்க. வான எடுக்காத எண்டு சொல்லுங்க. முடிஞ்சிது."

"அவ ஓட்டிக்கொண்டிருப்பா நாநா. ஓட்டுற நேரம் போன் எடுத்தா ஆபத்தெல்லோ" என்றேன்.

எவ்வளவு பொறுப்பான பதில் பாருங்கள். உண்மை என்னவென்றால், போனில் சொன்னால் அவள் என்னென்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் கேட்பது தாய்மாருக்குப் போகும். தாய்மாருக்குப் போனது இரவுக்குள் பள்ளிவாசல்துறை வரை போகும். காலையில்தான் நான் உலகத்துக்கே எண்ணெய் முழுக்கைப் பற்றி வகுப்பு எடுத்திருந்தேன். ஒருவருக்கும் தெரியாமல் போய், தெரியாமல் சரிசெய்து, தெரியாமல் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஜவாத் நாநா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க பயப்பிடுறது வானுக்கில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஜெக், சாவிகள், ஒரு போத்தல் பெற்றோல். எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பறந்தேன். பள்ளிக்கூடம் ஒன்பது கிலோமீற்றர். அந்த ஒன்பது கிலோமீற்றரிலும் எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளை வானும் எனக்கு றீற்றாவின் வானாகத் தெரிந்தது. வெங்காயத் தோட்டத்து வளைவில் இரண்டு கழுதைகள் நடுறோட்டில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஹோன் அடித்தும் அசையவில்லை. இறங்கிக் கெஞ்சித்தான் வழி வாங்கினேன். வாழ்க்கையில் கழுதையிடம் மன்னிப்புக் கேட்டது அன்றுதான்.

பள்ளி மதிலோரம், வேப்பமர நிழலில் வான் நின்றது. உடம்பெல்லாம் லேசானது. பிள்ளைகள் விட இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. றீற்றா கேற்றடியில் ஐஸ்பழம் விற்பவரோடு கதைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணே, நீங்க இங்க?"

"ஒரு நட் இறுக்க மறந்துட்டனோ எண்டு சந்தேகம். பெரிசா ஒண்டுமில்லை. பத்து நிமிசம்."

முதல் பொய் சொல்வது சுலபம். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு வேலையும் அந்தப் பொய்க்குப் பொருத்தமாகச் செய்ய வேண்டியிருக்கும். நட் இறுக்க வந்தவன் சில்லைக் கழற்றினேன். ட்ரம்மையும் கழற்றினேன். லைனர் நெய் தடவிய தோசைக்கல் போல மினுங்கியது.

அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். "அண்ணே, மீன் மணக்குதே?"

"கடற்கரைதானே பிள்ளை."

"கடலுக்கு ஐம்பது யார் தூரத்திலதான் எங்கட வீடும். இப்பிடி மணக்கிறதில்ல."

நான் பெற்றோலால் லைனரைக் கழுவினேன். கல்லுக் கடதாசியால் உரஞ்சினேன். மற்றச் சில்லுக்கும் அப்படியே. இந்த இடத்தில் நீங்கள் என்னைத் திட்ட வேண்டும். பெற்றோலால் கழுவினால் மேலே இருக்கும் எண்ணெய்தான் போகும். உள்ளே ஊறினது, நாலு தரம் பிரேக் அடித்துச் சூடேறியதும் திரும்ப வெளியே வரும். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே அவரைக் கராஜுக்குள் விட்டிருக்க மாட்டேன். லைனரை மாற்றியே ஆக வேண்டும். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, மெதுவாகப் போனால் ஒன்றும் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து வானுக்குள் குவிந்தார்கள். யன்னல் பக்கத்துக்குச் சண்டை, ஒருவருடைய தண்ணீர்ப் போத்தல் இன்னொருவருடைய தலையில். நான் கடைசி நட்டை இறுக்கிவிட்டு எழுந்தேன். சட்டை முழுக்க வியர்வை.

"சரி பிள்ளை. போ. மெதுவாப் போ."

றீற்றா ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டாள். பிறகு திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாரும் சத்தம் போடாம இங்க பாருங்க. பாஸ் மாமா சாப்பிடாமக்கூட இந்த வெயில்ல வந்து நம்மட வானைச் செஞ்சு தந்திருக்கார். மாமாவுக்கு தேங்க் யூ சொல்லுங்க."

பதினாறு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். "தேங்க் யூ மாமா!"

எஞ்சின் ஸ்ரார்ட் ஆகும் சத்தம் கேட்டது. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, யன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கிவிட்டேன். றீற்றா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

"நட் இல்லை" என்றேன். "பிரேக்குக்குள்ள எண்ணெய் அடிச்சுப்போட்டன். ரெண்டு பக்கமும். மூடி போட மறந்துபோனன். இப்ப கழுவினது காணாது. இதில பிள்ளைகளை ஏத்தக் கூடாது."

அவள் இறங்கினாள். கதவைத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கி, பள்ளி மண்டபத்து வாங்கில்களில் இருத்தினாள். எல்லாரையும் எண்ணிப் பார்த்தாள். பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"எண்ணெய் அடிச்சதுக்கு எனக்குக் கோவமில்ல அண்ணே. மனுசனுக்கு மறதி வரும். நட் எண்டு சொன்னீங்களே, அதுதான். நான் சாவியப் போடுற வரைக்கும் பாத்துக்கிட்டு நிண்டீங்களே."

அவமானம் என்றால் என்னவென்று அந்த மதிலோரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"இப்ப பிள்ளைகளை வந்து கூட்டிக்கிட்டுப் போங்க எண்டு தாய்மாருக்குச் சொல்லணும். நான் என்னத்தச் சொல்லுவேன்? வான் பழுது எண்டா, நாளைக்கு என்ர வானைத்தான் பழுது எண்டு சொல்லுவாங்க." தன் போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

பதினொரு வீடு. அவள் எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, போனை என் கையில் வைப்பாள். நான் சொல்வேன். முதல் அழைப்பில் சொற்களைச் சுற்றி வளைத்தேன். "ஒரு சின்னத் தொழில்நுட்பக் கோளாறு" என்று தொடங்கினேன். றீற்றா என் கையிலிருந்து போனைப் பறிக்கப் பார்த்தாள். மூன்றாவது அழைப்பில் வசனம் குறுகியது. "நான் கராஜ் பாஸ். பிரேக்குக்குள்ள நான் எண்ணெய் அடிச்சிட்டன். றீற்றாவில பிழையில்லை. பிள்ளைகள் பத்திரமா இருக்கினம். வந்து கூட்டிக்கொண்டு போங்கோ." அதைவிடத் திறமான வசனத்தை நான் இன்றுவரை எழுதியதில்லை.

ஒரு தாய் அழுதாள். ஒருத்தி, சொல்லி முடிக்க முன்பே "வாறம்" என்று வைத்துவிட்டாள். ஒரு வீட்டில் பாட்டனார் எடுத்தார், காது கேட்காது. அவருக்கு நான் பள்ளிக்கூடமே கேட்கும்படி நாலு தரம் கத்தினேன். மண்டபத்திலிருந்த பிள்ளைகள் அதற்குள் வசனத்தைப் பாடமாக்கி, என்னோடு சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசி அழைப்பு முதலாம் ஆண்டுப் பிள்ளை ஸைனப்பின் உம்மாவுக்கு. அவர் கத்தவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒங்கட புள்ளயா இருந்தா, அந்த நட்ட இறுக்கிட்டு அனுப்பி இருப்பீங்களா?"

நட்டைப் பற்றி நான் அவருக்குச் சொல்லவே இல்லை. றீற்றா பக்கத்தில் நின்று ஐஸ்பழக்காரரிடம் அந்தக் கதையைச் சொன்னது போனுக்குள்ளும் கேட்டிருக்கிறது. "இல்லை" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மோட்டார் சைக்கிள், ஓட்டோ, ஒரு மீன் லொறி என்று ஒவ்வொன்றாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. வந்தவர்கள் எல்லாரும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நான் மதிலோடு சாய்ந்து நின்றேன். கடைசிப் பிள்ளை போகும் வரைக்கும் அங்கிருந்து அசையக் கூடாது என்று றீற்றா சொல்லவில்லை. ஆனாலும் நான் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பொடியன்கள் போட்ட வீடியோவைத் திறந்து பார்த்தேன். அதற்குக் கீழே, வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவர் மத்தியானமே எழுதியிருந்தார்: "பாஸ், பின் சில்லு மூடி ரெண்டையும் காணோமே?" எங்கேயோ பனி நாட்டில் இருந்தவருக்குத் தெரிந்தது, குழிக்குள் நின்ற எனக்குத் தெரியவில்லை. வீடியோவை எடுக்கச் சொல்லட்டுமா என்று மனைவி கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

அடுத்த நாள் சனி. லைனர் தேடிப் புத்தளம் முழுக்க அலைந்தேன். அந்த வானுக்குப் பொருத்தமானது கிடைக்காமல் சிலாபம் வரை போனேன். அங்கே உதிரிப்பாகக் கடை முதலாளி, எப்படிப் பழுதானது என்று சிங்களத்தில் கேட்டார். பதினொரு வீட்டுக்குச் சொன்னதைப் பன்னிரண்டாவது தடவையாகச் சொன்னேன். வாய் பழகியிருந்தது. அவர் வயிறு குலுங்கச் சிரித்து, உள்ளே போய், ஒளித்து வைத்திருந்த நல்ல சோடி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஞாயிற்றுக்கிழமை பள்ளி மதிலோரத்திலேயே வைத்து லைனரை மாற்றினேன். ட்ரம்களைக் கழுவி, மூடிகளைப் போட்டு, போட்ட மூடிகளை விரலால் நாலு தரம் அமத்திப் பார்த்து, வானைக் களப்பு வரை ஓட்டி, ஓட்டி, பிரேக் அடித்து அடித்துப் பார்த்தேன். ஜவாத் நாநா தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொன்னார்.

சாவியைக் கொடுக்கப் போனபோது றீற்றா வாசலிலேயே நின்று வாங்கினாள்.

"தாய்மார் என்ன சொல்லினம்?" என்று கேட்டேன்.

"பாத்துச் சொல்றோம் எண்டாங்க."

அந்த இரண்டு சொற்களும் ஒரு வருட உழைப்பை அழிக்கக்கூடியவை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். அவள் பின்னால் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு இங்க வாங்க. முன் சீட்டில நீங்க இருக்கணும்."

திங்கட்கிழமை தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். முன் சீட்டில் உட்கார்ந்தேன். முதல் வீட்டு வாசலில் தாயும் பிள்ளையும் நின்றார்கள். தாய் வானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை ஏற்றினாள். இரண்டாம் வீட்டிலும் அப்படித்தான். ஐந்தாம் வீட்டுக்காரர் வாசலுக்கே வரவில்லை. நாங்கள் நின்று பார்த்துவிட்டுப் போனோம். றீற்றா கியரைப் போட்டாள். அந்த ஒரு வீடு போனது என் கணக்கில். அந்த வீட்டுப் பிள்ளைகள் திரும்ப வர இரண்டு மாதம் எடுத்தது.

இதற்குப் பிறகு நான் கராஜை மூடும் வரை, எந்த வாகனத்தின் பிரேக்கைத் தொட்டாலும் முதல் ஓட்டத்தில் ஏறி உட்கார்ந்தேன். லொறியானாலும் ஏறினேன். ஒருமுறை மீன் லொறியில் ஏறி வண்ணாத்திவில்லு வரை போய், திரும்பிவர வாகனம் இல்லாமல் அரைநாள் நின்றதும் உண்டு. பிழை விடாமல் இருக்க முடியுமா என்றால், எனக்கு முடியவில்லை, உங்களுக்கு முடிந்தால் சந்தோசம். பிழை விட்டது தெரிந்த அந்த நிமிடத்தில் போனை எடுங்கள். சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்க வேண்டாம். நான் அப்படி நினைத்த இருபது நிமிடத்தில் பதினாறு பிள்ளைகள் வானுக்குள் ஏறிவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஓட்டத்தில் கடைசியாக நின்றது ஸைனப்பின் வீட்டில். வேலியோரத்தில் அவளுடைய உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உம்மா என் பக்கத்து யன்னலுக்கு வந்தார்.

"இவர்தானா?"

"இவர்தான்" என்றாள் றீற்றா.

நான் சலாம் சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் வாயைத் திறந்தேன். அவர் காத்திருக்கவில்லை. முன் கதவைத் திறந்து, பிள்ளையைத் தூக்கி, என் மடியில் வைத்தார்.

"இதிலயே இருக்கட்டும்" என்றார். கதவைச் சாத்தினார். சாத்திய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

வான் நகர்ந்தது. பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு போவது சட்டப்படி பிழை, எனக்குத் தெரியும். எடுத்துப் பின்னால் வை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை பாரமே இல்லை. தலையில் தேங்காயெண்ணெய் மணத்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். றீற்றா ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கில் கால் வைக்கும்போது என் வலது காலும் தரையை அழுத்தியது.

கொஞ்ச தூரம் போனதும் ஸைனப் குனிந்து என் காலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, அங்க பிரேக் இல்லயே" என்றாள்.

"தெரியும் மகள்" என்றேன். பள்ளிக்கூடம் வரும்வரை காலை எடுக்கவில்லை.